நாற்பதாயிரம் கண்களும் ஒரு தொட்டித் தண்ணீரும்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைப் பார்த்த வரிசையில் பொன்னியின் வீடு ஏழாவது. வீட்டுக்குப் பின்னால் மூன்றரை சென்ட் இடம் இருக்கிறது. நீளம் நாற்பத்தொரு அடி, அகலம் முப்பத்தேழு அடி. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கும் கல், நாற்றுக்கு ஊற்ற நாலு குடம் தண்ணீர் கொள்ளும் சிமெண்ட் தொட்டி ஆகியவை போக மீதியெல்லாம் காய்கறிப் பாத்தி. முள்ளுக் கத்திரி, நாட்டுத் தக்காளி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, வேலியோரம் பீர்க்கு. மாசி பிறந்தால் இங்கிருந்து இருபத்துமூன்று வீடுகளுக்கு நாற்று போகும். விலைக்கு இல்லை, கேட்டவர்களுக்குக் கொடுப்பதுதான். ஊரில் நாற்று விற்கும் கடை இல்லாமல் இல்லை. ஆனால் பொன்னி கையால் வாங்கி நட்டால் பிழைக்கும் என்பது அந்த வரிசையின் நம்பிக்கை. கைராசி என்பார்கள்.

இந்தக் கைராசிக்கு ஒரு தொடக்கம் உண்டு. பொன்னி பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். அவளுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது மணிலாக்கொட்டை விதைப்பு நாளன்று, முதல் விதை போட வேண்டிய பெரியம்மாவுக்குக் காய்ச்சல். பக்கத்தில் நின்ற பொன்னியைப் பிடித்துப் போடச் சொன்னார்கள். முந்தின வருடம் பத்தொன்பது மூட்டை கண்ட நிலத்தில் அந்த வருடம் முப்பத்தொரு மூட்டை. அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து முப்பத்தேழு வருடமாக யார் வீட்டில் என்ன தொடங்கினாலும் பொன்னிதான் முதலில். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில், அடுப்பு பற்ற வைக்கும் முன்பு, பின்பக்கம் போய் முதல் செடியை நட வேண்டியவள் அவள். வளைகாப்பில் முதல் வளையல் அவள் கையால்தான். பொன்னி வெளியில் சிரித்துக்கொண்டே, "என் கையில இன்னா இருக்குது, அஞ்சு வெரலு" என்பாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பெரிய சொத்து. கழுத்தில் கிடக்கும் இரண்டரை சவரனைவிடப் பெரிது.

அவளுக்குச் சம்பளம் தரும் வேலை வேறு. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் சமையல். காலை ஐந்தேகாலுக்குக் கணவர் ராமதாஸின் ஆட்டோவில் போனால் மதியம் இரண்டரைக்குத் திரும்புவாள். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு உப்பு கம்மி, வடநாட்டுக்காரர்களுக்கு ஒரு மாதிரி, சென்னைக்காரர்களுக்கு ஒரு மாதிரி என்று ஒரே சாம்பாரை மூன்று பாத்திரத்தில் பிரித்து வைப்பாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டால், உப்பு எத்தனை கல் கூட, எத்தனை கல் குறைச்சல் என்று சொல்லிவிடுவாள்.

நாற்று விடுவதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. பௌர்ணமி இரவு லட்சக்கணக்கில் ஜனங்கள் மலையைச் சுற்றுவார்கள். வழியெல்லாம் அன்னதானம். சுண்டல், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல். மறுநாள் காலை பாதையோரம் தொன்னைகள் குவிந்து கிடக்கும். பொன்னி ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய், கிழியாத இலைத் தொன்னைகளாகப் பொறுக்கி வருவாள். பொங்கல் தொன்னையை மட்டும் எடுக்க மாட்டாள். எத்தனை அலசினாலும் வெல்லத்துக்கு எறும்பு வந்து விதையையும் சேர்த்துத் தூக்கிப் போய்விடும். சுண்டல் தொன்னையும் புளியோதரைத் தொன்னையும் அலசிக் காயவைத்து, அடியில் ஊசியால் மூன்று துளை. செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு. தொன்னைக்கு ரெண்டு விதை. நடும்போது தொன்னையோடு குழியில் வைத்துவிடலாம். வேர் அசையாது, இலை தானாக மக்கிவிடும்.

இந்த வருடம் மார்கழிப் பௌர்ணமித் தொன்னைகளில், தை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை, இருநூற்று நாற்பது தொன்னைக்கு விதை போட்டாள். ஒன்பதாம் நாள் முளைத்தது. பத்தொன்பதாம் தேதி நாற்றுகளுக்கு நாலு நாலு இலை. அன்றைக்குத்தான் வேலூரிலிருந்து தென்றல் என்கிற பெண் வந்தாள். வீட்டுத் தோட்டங்களை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவள். விடுதியில் தங்க வந்தவள், சாம்பாரில் கிடந்த கத்திரிக்காயைப் பற்றிக் கேட்டு, கேட்டுக்கொண்டே வீடு வரைக்கும் வந்துவிட்டாள். தொன்னை வரிசையைப் பார்த்ததும், "அக்கா, இது சூப்பர் ஐடியா. அப்படியே நில்லுங்க" என்று அரை மணி நேரம் எடுத்தாள். திங்கட்கிழமை வீடியோ வந்தது. கைராசிக்கார பொன்னியம்மா என்று தலைப்பு.

ராமதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோவில் ஏறிய எல்லோருக்கும் காட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவருடைய அக்கா பாஞ்சாலையிடம் எண்ணிக்கையைப் படித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

பாஞ்சாலைக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் இறந்து பதினாலு வருடமாகிறது. அன்றிலிருந்து தம்பி வீடுதான். பொன்னி வேலைக்குப் போய்விட்டால் வீடும் தோட்டமும் அவள் பொறுப்பு. அதிகம் பேச மாட்டாள். விசேஷ வீடுகளில் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதோடு சரி, முன்பக்கம் வர மாட்டாள். ஆனால் இந்த வீடியோ விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"இன்னைக்கு எத்தினி பேருடா பாத்தாங்க?"

"பதினோராயிரம்கா."

"நேத்து எட்டுதானடா சொன்ன?"

"ஏறிக்கினே இருக்குதுக்கா. பொன்னி பெரிய ஸ்டாராயிடுவா பாரு."

பாஞ்சாலை பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனாள். சந்தோஷப் பெருமூச்சு என்று ராமதாஸ் நினைத்தார்.

தை இருபத்தேழாம் தேதி ஞாயிறன்று பொன்னி முதன்முதலாகக் கவனித்தாள். கத்திரி இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. வெயில் என்று நினைத்து, ராமதாஸின் பழைய வேட்டியை நிழலுக்குக் கட்டினாள். வேளைக்கு ஒரு செம்பு தண்ணீர் கூட ஊற்றினாள். கருகல் கூடியது. சரி, இங்கே ஏதோ நோய், மண்ணில் சீக்கிரம் போனால் பிழைக்கும் என்று முப்பதாம் தேதியே ஆறு வீடுகளுக்குக் கொடுத்தாள். ஆறு வீட்டிலும் நாலு நாளில் போய்விட்டது. மாசி நாலாம் தேதி எண்ணிப் பார்த்தபோது, வீட்டில் இருந்தவற்றில் பச்சையாக இருந்தது பதினேழு.

முன்னூறு அடி தள்ளிப் பாதையோரம் டீக்கடை வைத்திருக்கும் அப்பாதுரை, நாற்று வாங்கிய ஆறு பேரில் ஒருவர். மறுநாள் காலை ஆட்டோ அந்த வழியாகப் போனபோது நிறுத்தி விட்டார்.

"இன்னா பொன்னி, உன் மொளகா நாத்து வந்த மூணாவது நாளே மூக்கு சிந்துது? கைக்கு சர்வீஸ் விடணும் போல இருக்குதே!"

"என் கைய விடுங்கண்ணே, உங்க டீயப் பாருங்க. பாலு எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பொன்னியும் சிரித்தாள். ஆட்டோ நகர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாசி ஆறாம் தேதி மறுபடியும் இருநூறு விதை போட்டாள். முளைத்தது முப்பத்தொன்று. முளைத்ததும் தலைசாய்ந்து விழுந்தது. வேப்பம்புண்ணாக்கு போட்டுப் பார்த்தாள். மண்ணை மாற்றிப் பார்த்தாள். பாஞ்சாலை தினமும் மதியம் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "கண்ணுடி, எல்லாம் கண்ணு" என்று மட்டும் சொன்னாள். வீடியோ அப்போது நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

மாசி இருபதாம் தேதி அருணாதேவி வந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள், கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். தெருக்கோடியில் புது வீடு கட்டி முடித்திருந்தாள். சித்திரை மூன்றாம் தேதி பால் காய்ச்சுவதாக இருந்தது. "முதல் செடி நீங்கதான் நடணும்கா" என்று தையிலேயே சொல்லி வைத்தவள். இப்போது வந்தவள் உட்காரவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் எதையும் நம்பறவ இல்ல. அவரு வீட்டுல சொல்றாங்க. அவங்க சித்திய வெச்சு நடலாம்னு..."

"அதுக்கு இன்னாம்மா. யாரு நட்டா இன்னா, செடி வந்தா சரி."

"நீங்க கண்டிப்பா வரணும்கா."

"வராம எங்க போவேன். சாம்பார் யாரு வைக்கறது?"

அருணாதேவி போனதும் பொன்னி உலையில் அரிசி போட்டாள். போட்டுவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊர் கூப்பிட்ட கை அது. ஒரு வீட்டார் வேறு ஆளைக் கூப்பிட்டால் அடுத்த வீட்டாரும் கூப்பிடுவார்கள். பிறகு வளையல் போடவும் கூப்பிட மாட்டார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் நகர்வார்கள், அருணாதேவி நகர்ந்த மாதிரி.

மாசி இருபத்தைந்து, ஞாயிறு. அன்றைக்கு விடுதியில் அவளுக்கு லீவு. செத்துப்போன தொன்னைகளை அள்ளிக் குப்பையில் போடலாம் என்று பொன்னி உட்கார்ந்தாள். ஒரு தொன்னையை எடுத்தபோது அதன் விளிம்பில் வெள்ளையாக என்னவோ பொரிந்திருந்தது. பூஞ்சைபோல இல்லை. நகத்தால் சுரண்டினால் மணல்போல நெறுநெறு என்றது. ஊறுகாய் ஜாடியின் வாயோரம் படியுமே, அந்த வெள்ளை. அவள் விரல் தானாக நாக்குக்குப் போனது.

உப்பு.

எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டாள். உடனே துப்பினாள்.

"ஏங்க! இங்க வாங்க. இதக் கொஞ்சம் டேஸ்ட் பாருங்க."

சவரம் செய்துகொண்டிருந்த ராமதாஸ் பாதி நுரையோடு வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடி இது, கடல் தண்ணி மாதிரி?"

"கடல் இல்ல. ரசத்துக்குச் சரியான உப்பு. ஒரு கல்லு கூட இல்ல, கொறைச்சல் இல்ல. யாரு போட்டா?"

"பைப்புல வருதோ?"

பொன்னி குழாயைத் திறந்து குடித்துப் பார்த்தாள். எப்போதும்போலக் கொஞ்சம் சப்பென்ற போர்வெல் தண்ணீர். உப்பு இல்லை.

ராமதாஸ் தாடையைத் தடவினார். கையெல்லாம் நுரை. "அது வந்து... அக்கா தை மாசத்துலர்ந்து வாரத்துக்கு ஒரு கிலோ கல்லுப்பு வாங்கியாரச் சொல்லுச்சு. ஊறுகா போடப்போறன்னு நெனச்சேன்."

"வீட்டுல எங்க ஊறுகா?"

"அதத்தான் நானும் யோசிச்சேன். கேக்கல."

இருவரும் திரும்பினார்கள். பின்வாசலில் பாஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். இடது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. தலைப்பு கனத்துத் தொங்கியது.

"அண்ணி, கையில இன்னா?"

"ஒண்ணியும் இல்லயே."

"காட்டுங்க."

பாஞ்சாலை கையை வெளியே எடுத்தாள். கை நிறையக் கல் உப்பு.

விஷயம் மெதுவாக வந்தது. வீடியோ வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை பாஞ்சாலை திருஷ்டி சுற்ற ஆரம்பித்திருக்கிறாள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, உச்சிப்பொழுதில். சொன்னால் பலிக்காது என்று யாரிடமும் சொல்லவில்லை. உப்பைக் கையில் வைத்துத் தொன்னை வரிசையை மூன்று சுற்று சுற்றி, அதைத் தண்ணீரில் கரைத்துவிட்டால், பட்ட கண்ணும் கூடவே கரைந்துவிடும்.

"முதல்ல ஒரு கைப்பிடிதான்டி போட்டேன். இவன் பதினோராயிரம்னான். ஒரு கை எப்படிப் பத்தும்? ரெண்டாக்கினேன். இருபத்தாறுன்னான், மூணு. நாப்பதுன்னான், நாலு. நாப்பதாயிரம் கண்ணுடி பொன்னி! ஒரு ஆளு கண்ணு பட்டாலே கல்லு வெடிக்கும்."

"ஆளுக்கு ரெண்டு கண்ணுக்கா. எம்பதாயிரம்" என்றார் ராமதாஸ்.

"நீங்க சும்மா இருங்க." பொன்னி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "சரி அண்ணி, சுத்துனீங்க. கரைக்கறத வாசல்ல கரைச்சு ரோட்டுல ஊத்த வேண்டியதுதான? எல்லாரும் முச்சந்தியிலதான ஊத்துவாங்க?"

பாஞ்சாலைக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"ரோட்டுலயா? நம்ம வாசல்ல ராவும் பகலும் ஜனங்க வெறுங்கால்ல சாமிய நெனச்சுக்கினு நடக்கறாங்க. நம்ம வீட்டுத் திருஷ்டிய அவங்க கால்ல மிதிக்க வுடறதா? அந்தப் பாவம் எந்த ஜென்மத்துல தீரும்? அதான் தொட்டியில போட்டேன். தண்ணி செடிக்குத்தான போகுது, ஒருத்தர் கால்லயும் படாதுன்னு."

பொன்னி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்க்கவே ராமதாஸுக்குப் பயமாக இருந்தது. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பாஞ்சாலை கிட்டே ஓடினாள். அழவில்லை. சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள்.

"செடி வாட வாட நீங்க உப்பு ஜாஸ்தி போட, நான் தண்ணி ஜாஸ்தி ஊத்த... நம்ம ரெண்டு பேரும் சேந்து ஊறுகாதான் அண்ணி போட்டிருக்கோம்!"

ராமதாஸும் சிரித்தார். பாஞ்சாலை சிரிக்கவில்லை. கையிலிருந்த உப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். பொன்னி அதை வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டுச் சமையலறையில் வைத்தாள்.

"இப்பவே அப்பாதுரை கடைக்குப் போயி விஷயத்தச் சொல்லிடறேன்" என்று சட்டையை எடுத்தார் ராமதாஸ். "பொன்னி கையில ஒரு கோளாறும் இல்ல, உப்பாலதான்னு. பத்து நிமிசத்துல ஊரே தெரிஞ்சுக்கும்."

பொன்னி சட்டையைப் பிடுங்கிக் கொடியில் போட்டாள். அவரை முருங்கை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசினாள்.

"உப்பு தப்புன்னு எவனும் சொல்ல மாட்டான். கை தப்புன்னுதான் சொல்லுவான். யாரு கைன்னு கேப்பான். அப்பால இவங்கள வெங்காயம் உரிக்கக்கூட கூப்பிட மாட்டாங்க."

"அப்ப உன் பேரு?"

"என் பேரு எங்கயும் போகாது. போனா போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு முழுக்க அவளுக்கு அருணாதேவியின் துப்பட்டா நுனிதான் கண்ணில் நின்றது.

தொட்டியைக் காலி செய்து நாலு தடவை தேய்த்துக் கழுவினார்கள். நாற்று வைத்த இடத்து மேல்மண்ணை எட்டுக் கூடை வாரி ரோட்டோரப் பள்ளத்துக்கு அனுப்பினார்கள். அது வெறும் மண்தானா, மிதிக்கிற இடமா என்று பாஞ்சாலை மூன்று தடவை விசாரித்துவிட்டுத்தான் விட்டாள். மாசிப் பௌர்ணமி முடிந்த காலை தொன்னை பொறுக்கப் போனபோது அவளும் கூட வந்தாள். இருநூற்றிருபது தேறியது. பங்குனி மூன்றாம் தேதி ஞாயிறு, மண் நிரப்பிய தொன்னைகளின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

பொன்னி சாம்பலில் புரட்டிய விதையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். முதல் தொன்னைக்கு மேலே கை போனது. அங்கேயே நின்றது. காரணம் உப்புதான் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு சொன்னது, அவள் நாக்கு பொய் சொல்லாது. ஆனாலும் இது முளைக்காவிட்டால்? அப்போது உப்பைச் சொல்ல முடியாது. அப்பாதுரை சொன்னதுதான் உண்மை என்றாகிவிடும்.

"இன்னாடி, போடு."

"நீங்க போடுங்க அண்ணி."

"நானா?" பாஞ்சாலை பின்னால் நகர்ந்தாள். "என் கையாலயா? பைத்தியமா உனக்கு? அவரு போனதுலர்ந்து நான் ஒரு வெந்தயம்கூட வெதைச்சதில்ல."

"நாலு கிலோ உப்பு வெதைச்சீங்களே."

பாஞ்சாலைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் கழித்து வந்த சிரிப்பு. வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அது அடங்குவதற்குள் பொன்னி விதையை அவள் கைக்கு மாற்றிவிட்டாள்.

இருநூற்றிருபது தொன்னை, தொன்னைக்கு இரண்டு. பாஞ்சாலை ஒவ்வொரு விதையையும் குழந்தைக்கு மருந்து ஊட்டுவதுபோல வைத்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. பொன்னி செம்பில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பிறகு தெளித்தாள்.

எட்டாம் நாள் காலை, விடுதியில் பொன்னி இட்லித்தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பொன்னி, மொளைச்சிருக்குதுடி! பதினாலு."

மறுநாள் அதே நேரத்துக்கு, "அறுபத்திமூணு." அதற்கு மறுநாள், "நூத்தி இருபத்தெட்டு. நேத்து எண்ணுனதுல ஒண்ணு ரெண்டு தடவ எண்ணிட்டேன், அதக் கழிச்சுட்டேன்." பன்னிரண்டாம் நாள் கடைசிக் கணக்கு வந்தது. இருநூற்றிருபது தொன்னையில் இருநூற்றேழில் பச்சை. பொன்னியின் இத்தனை வருடத்தில் இருநூறைத் தாண்டியதே இல்லை.

அதற்குப் பிறகு பாஞ்சாலையைத் தோட்டத்திலிருந்து நகர்த்த முடியவில்லை. காலை வெயில் காட்டுவது, உச்சி வெயிலுக்கு வேட்டி கட்டுவது, சாயங்காலம் அவிழ்ப்பது எல்லாம் அவள்தான். எறும்பு வந்த அன்றைக்குப் போன் செய்தாள். "சுத்தி மஞ்சத்தூள் போடலாமா?" போடலாம் என்றாள் பொன்னி. "கொழம்புக்குப் போடற மஞ்சளா, வேற மஞ்சளா?" எதுவானாலும் சரி என்றாள். "எத்தினி?" என்று அடுத்த கேள்வி வந்தது. "ஒரு சிட்டிகை அண்ணி! ஒரே சிட்டிகை!" என்று பொன்னி கத்தியதில் விடுதியில் தியானத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள்.

பங்குனி இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அருணாதேவி பத்திரிகை கொடுக்க வந்தாள். பேச்சுவாக்கில் பின்பக்கம் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாத்தியோரம் ஆறு வரிசை. தண்டு பென்சில் கனம், இலை உள்ளங்கை அகலம்.

"அக்கா! இதெல்லாம் எப்ப?"

"பங்குனி மூணு."

அருணாதேவி ஒரு தொன்னையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அதைப் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நான் அன்னைக்கு சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. நீங்களே வந்து நட்டுடுங்கக்கா. அவங்க வீட்டுல நான் பேசிக்கறேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் பொன்னி நாற்பது நாளாகக் காத்திருந்தாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் வாயும் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அப்போது பாஞ்சாலை, யாரும் சொல்லாமலே, வீட்டுக்குள் போகத் திரும்பினாள். விசேஷப் பேச்சு வந்தால் அவள் எப்போதும் அப்படித்தான் போவாள்.

"இதுல ஒரு விதைகூட நான் போடல, அருணா" என்றாள் பொன்னி. "எல்லாம் அண்ணி போட்டது. வளத்ததும் அவங்கதான். கைராசி பாத்துக் கூப்பிடறதுன்னா அவங்களத்தான் கூப்பிடணும்."

அருணாதேவி பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ கெடக்கறா, லூசு. நீ இவளயே கூட்டிக்கினு போம்மா" என்றாள் பாஞ்சாலை. பிறகு, என்ன தோன்றியதோ, நிலைப்படியை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "இவ கையில எந்தக் கொறையும் இல்ல. முதல்ல செத்ததெல்லாம் என்னாலதான். உப்பக் கொட்டிட்டேன்."

"எந்த உப்ப?"

பாஞ்சாலை எல்லாவற்றையும் சொன்னாள். பதினோராயிரத்துக்கு ரெண்டு கை, இருபத்தாறாயிரத்துக்கு மூணு கை என்பதில் தொடங்கி, ஊறுகாய் வரைக்கும். பொன்னி நடுவில் இரண்டு தடவை தடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூன்றாவது கைப்பிடியிலேயே அருணாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். வெறுங்கால் விஷயம் வந்தபோது துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கல்லில் உட்கார்ந்து இந்தக் கதைக்குச் சிரித்தவர்களில் அவள் இரண்டாவது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்களே வாங்க, பெரியம்மா. நீங்கதான் நடறீங்க."

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் வகையில..."

"லோனு என் பேர்ல இருக்குது, பெரியம்மா. இருபது வருசம் கட்டப்போறவ நானு. அந்த வீட்டுல யாரு செடி நடணும்னு சொல்றதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லயா?"

"இப்படி நின்ன வாக்குல கூப்பிட்டா வரமாட்டாங்க" என்றாள் பொன்னி. "முறையா தட்டு வெச்சுக் கூப்பிடு."

மறுநாள் காலை அருணாதேவி வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு வாசல் வழியாக வந்து கூப்பிட்டாள். அதை எதிர்வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். பாஞ்சாலை தட்டை வாங்கும்போது அது சாய்ந்து ஒரு பாக்கு உருண்டு ஓடியது. ராமதாஸ் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடி எடுத்தார்.

சித்திரை மூன்றாம் தேதி, புதன்கிழமை. காலை ஆறு பத்துக்கு நல்ல நேரம். புது வீட்டின் பின்பக்கம் முப்பது பேர் கூடியிருந்தார்கள். அப்பாதுரையும் கடையைப் பத்து நிமிடம் பூட்டிவிட்டு வந்திருந்தார். கணவர் வகைச் சித்தி பட்டுப்புடவையில், கொஞ்சம் இறுகின முகத்தோடு, பின்வாசற்படியில் நின்றாள். பாஞ்சாலை அரக்கு நிறப் புடவையில் வந்தாள். அது அவள் மாற்றிக் கட்டிய மூன்றாவது புடவை. குழியைப் பார்த்ததும் அவளுக்குக் கூட்டமெல்லாம் மறந்துவிட்டது.

"இது குழியா? எலி வளையா? யாரு வெட்டுனது? இன்னும் நாலு வெரக்கடை எடுங்க. காலையில நடறதே தப்பு, சாயங்காலம்தான் நடணும். முகூர்த்தம்னு சொல்றீங்க, சரி. மேல ஒரு மொறம் சாத்தி வைக்கணும். ரெண்டு நாளைக்கு எடுக்கக் கூடாது."

அருணாதேவியின் கணவர் கடப்பாரையை எடுத்து மறுபேச்சில்லாமல் தோண்டினார். பாஞ்சாலை முந்தானையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். தொன்னையோடு கத்திரி நாற்றைக் குழியில் இறக்கி, சுற்றி மண் அணைத்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை ஏந்திக்கொண்டு பொன்னி நின்றாள். முப்பத்தேழு வருடத்தில் ஒரு விசேஷத்தில் செம்பு பிடிக்கும் இடத்தில் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் எல்லார் முகமும் தெரிந்தது. முதல் ஆளாகக் குனிந்து நடும்போது இதையெல்லாம் பார்த்ததே இல்லை. இடம் மோசமில்லை என்று தோன்றியது.

உள்ளே பால் பொங்கியது. கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. சித்தி மட்டும் நகரவில்லை. செடியைப் பார்த்தாள், பாஞ்சாலையைப் பார்த்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இன்னா ரகம் இது?"

"முள்ளுக் கத்திரி."

"எங்க வீட்டாண்ட ரெண்டு வருசமா வெக்கறேன், காயே புடிக்க மாட்டேங்குது. நாலு நாத்து இருக்குமா? உங்க கையாலயே குடுத்தீங்கன்னா..."

பாஞ்சாலை நிமிர்ந்து பொன்னியைப் பார்த்தாள். பொன்னி செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு தனக்குச் சம்பந்தமே இல்லாதவளைப்போல வேறு எங்கோ பார்த்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்றாள் பாஞ்சாலை, கை மண்ணைத் தட்டிக்கொண்டே. "நாலு இன்னாத்துக்கு, ஆறா எடுத்துக்கினு போங்க. ஆனா ஒண்ணு, காலையில நடக் கூடாது."